முந்நூற்று மூன்றாம் பிரிவு

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 15ஆம் திகதி திருகோணமலைக் கடற்படைத்தளம் இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டபோது, 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து இத்துறைமுகத்தைக் கைப்பற்றிய நாள் முதலாக நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் இங்கே அதிகாரம் செலுத்திய ஆங்கிலேயர் தம் கப்பல்களையும் கொடியையும் பீரங்கிகளையும் எடுத்துக்கொண்டு போயினர். சீனக்குடாவில் அவர்கள் கட்டிய எண்ணெய்க் குதங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அவர்கள் எழுதிய சட்டப் புத்தகமும் அப்படியே நின்றது. எண்ணெய்க் குதங்களைக் குறித்து நம்மவர் இன்றளவும் பேசி ஓயவில்லை. யாருக்குக் குத்தகை, எத்தனை ஆண்டுக்குக் குத்தகை என்று பத்திரிகைகளில் பத்தி பத்தியாக எழுதுகிறோம். சட்டப் புத்தகத்தைக் குறித்து, விசேஷமாக அதில் கர்ப்பிணிகளைப் பற்றி எழுதப்பட்டுள்ள ஐந்து பிரிவுகளைக் குறித்து, அந்த உற்சாகத்தில் நூறில் ஒரு பங்கேனும் காட்டுவாரைக் காணோம்.

1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக இயற்றப்பட்டு, 1885 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து அமுலுக்கு வந்த தண்டனைச் சட்டக்கோவையில், 303 முதல் 307 வரையுள்ள அப்பிரிவுகளுள் முதலாவது கூறுவது இது: தாயின் உயிரைக் காப்பதற்காக நல்லெண்ணத்தோடு செய்தாலன்றி, ஒரு பெண்ணுக்குக் கருச்சிதைவை உண்டாக்குபவர் எவரும் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு உரியவர், வயிற்றில் சிசுவின் அசைவு புலப்பட்ட பின் அதைச் செய்தால் தண்டனை ஏழு ஆண்டுகள் வரை நீளும், தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இக்குற்றத்தின் எல்லைக்குள் அடங்குவாள். பெண்ணின் சம்மதமின்றிச் செய்தால் என்ன, செய்ததனால் அவள் இறந்துபட்டால் என்ன, உயிரோடு பிறக்கவொட்டாமல் தடுத்தால் என்ன என்று ஏனைய பிரிவுகள் விரிந்துசெல்கின்றன. ஐந்தையும் ஒருமுறைக்கு இருமுறை வாசித்துப் பார்த்தால், அந்தக் கர்ப்பத்துக்குக் காரணனான ஆடவனைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை என்பதும் தெரியவரும்.

இவை இலங்கைக்கென்று யோசித்து எழுதப்பட்டவை அல்ல. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 312 முதல் 316 வரை இருந்த பிரிவுகளே சிற்சில மாற்றங்களோடு இங்கு வந்தன. அவற்றின் பூர்வ ரூபமோ, மெக்காலேயின் தலைமையில் அமைந்த சட்ட ஆணைக்குழு 1837இல் சமர்ப்பித்த நகலிலே காணப்படுவது. அந்த நகலோடு ஆணைக்குழுவினர் இணைத்த குறிப்புகளைப் படிப்பவர் இவ்விடத்தில் சற்று வியந்து நிற்பர். ஏனெனில், தாம் எழுதும் இந்தச் சட்டம் இந்நாட்டில் மிக இழிந்த நோக்கங்களுக்குப் பயன்படக்கூடும் என்று அவர்களே அஞ்சியிருக்கிறார்கள். இக்குற்றச்சாட்டு நிரூபிக்கப்படாவிட்டாலும் ஒரு குடும்பத்தின் மானத்தில் கறையாகத் தங்கிவிடும் என்றும், ஆகையால் பொய்யாகக் குற்றம் சாட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு இது பெரும் ஆயுதமாகும் என்றும், தண்டனை பெறுவோர் சிலராகவும் பீதியில் வாடுவோர் பலராகவும் இருப்பர் என்றும் எழுதிவைத்துவிட்டு, அப்புறமும் அந்தப் பிரிவுகளை எழுதினார்கள்! இருநூறு ஆண்டுகள் நிறையவிருக்கும் இக்காலத்தில் அந்தத் தீர்க்கதரிசனத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

அசைவுக்கு முன், அசைவுக்குப் பின் என்ற வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயரின் பழைய வழக்காற்றுச் சட்டம், சிசுவின் துடிப்பைத் தாய் தானே உணரும் நாளிலிருந்துதான் அதை ஓர் உயிராகக் கணக்கிட்டது. 1803இல் இயற்றப்பட்ட சட்டம் அந்நாளுக்குப் பிற்பட்ட கருக்கலைப்புக்கு மரணதண்டனையும் முற்பட்டதற்கு அதிற் குறைந்த தண்டனையும் விதித்தது. மெக்காலேயின் நகல் சமர்ப்பிக்கப்பட்ட அதே 1837இல் இங்கிலாந்து தன் சட்டத்திலிருந்து அந்த வேறுபாட்டை நீக்கிவிட்டது. அங்கே நீக்கப்பட்டு நாற்பத்தாறு ஆண்டுகள் சென்றபின் இங்கே அது நமக்குச் சட்டமாயிற்று. அது நிற்க, இங்கிலாந்து அதன்பின்னும் சும்மா இருக்கவில்லை. திருகோணமலையைவிட்டு நீங்கிய பத்தாம் ஆண்டில், அதாவது 1967இல், வைத்தியர் இருவரின் அபிப்பிராயத்தின் பேரில் கருக்கலைப்புச் செய்யலாம் என்று தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. நான்கே ஆண்டுகளில் இந்தியாவும், சாந்திலால் ஷா குழுவின் அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு 1971ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டத்தை இயற்றியது. ஆகவே, ஒரே வாசகத்தைத் தண்டனைச் சட்டமாகப் பெற்ற இரு கரைகளில், வேதாரணியத்துப் பெண் அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிச்சமாகப் பெறக்கூடிய சிகிச்சைக்குத் திருகோணமலைப் பெண் பெறக்கூடியது மூன்று ஆண்டுச் சிறை.

இங்கே இதைச் சொன்னவுடன், சமயம் குறுக்கே நிற்கிறதே என்பார்கள். எந்தச் சமயம் என்று கேட்பதற்குத் திருகோணமலையைவிடத் தகுந்த ஊர் இலங்கையில் இல்லை. சுவாமிமலை உச்சியில் கோணேசர் கோயில்; அதற்கு ஏறும் பாதையில் கோட்டைக்குள்ளேயே பௌத்த விகாரை; கீழே, 1893இல் அமைக்கப்பட்ட கத்தோலிக்க மறைமாவட்டத்தின் பேராலயம்; ஊர்தோறும் பள்ளிவாசல்கள். இந்நான்கு சமயத்தாரும் கருவைப் பற்றி நினைத்ததையெல்லாம் அவரவர் நூல்களிலேயே பார்ப்போமாயின், இன்று மேடைகளில் கேட்கிற நிச்சயக் குரல் அந்நூல்களில் அவ்வளவாகக் கேட்பதில்லை.

சைவர்களாகிய நம்மிடம் தொடங்குவோம். கருவைக் கொல்லும் பிரூணஹத்தி மகாபாதகங்களோடு சேர்த்து எண்ணப்பட்டது என்பது உண்மை. அதனோடு, கருவின் வளர்ச்சியை மாதம் மாதமாகச் சொல்லிவரும் கர்ப்போபநிஷத்து, ஏழாம் மாதத்திலேதான் அது ஜீவனோடு கூடுகிறது என்று சொல்வதும் உண்மை. மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவலைப் பாராயணம் பண்ணுகிறவர்கள், தாயின் வயிற்றில் ஒவ்வொரு மாதமும் ஒவ்வோர் அபாயத்துக்குத் தப்பித்தே ஓர் உயிர் இவ்வுலகுக்கு வருகிறது என்ற அந்த நெடிய வரிசையை அறிவார்கள். கர்ப்பத்தை இதைக் காட்டிலும் மரியாதையோடு நோக்கிய தமிழ்ப் பகுதியை நான் அறியேன்; அதே வேளையில், கரு என்பது முதல் நாளிலேயே முடிந்துபோன ஒரு பொருள் என்றல்லாமல், படிப்படியாக ஆகிவருகிற ஒன்று என்ற அறிவும் அதற்குள்ளே இருக்கிறது.

இஸ்லாமிய நியாயவாதிகள் இதிலே மிகவும் நுட்பமாகச் சென்றவர்கள். நாற்பது நாற்பது நாட்களாக மூன்று நிலைகள் கடந்து, நூற்றிருபதாம் நாளில் ரூஹு என்னும் ஆத்துமா ஊதப்படுகிறது என்ற நபிமொழியை ஆதாரமாகக் கொண்டு, அதற்கு முன் தக்க காரணத்தோடு கருவைக் கலைக்க ஹனபி மத்ஹபினர் பலர் இடங்கொடுத்தனர். இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த இமாம் கஸ்ஸாலி, தரித்த நாள் முதலே அதைக் குலைப்பது பாவம் என்றார். எனினும் நிலைக்கு நிலை அந்தப் பாவத்தின் பாரம் ஏறிக்கொண்டு போகிறது என்றும் அவரே சொன்னார். 1990இல் மக்காவில் கூடிய இஸ்லாமிய நியாயவியற் சபை, சிசு தீராத பெரும் அங்கவீனத்தோடு இருப்பதாக நம்பகமான வைத்தியர் குழு அத்தாட்சிப்படுத்தினால் நூற்றிருபது நாட்களுக்குள் கலைக்கலாம் என்று தீர்மானித்தது. மூதூரிலும் கிண்ணியாவிலும் உள்ள வாசகர் இதைத் தத்தம் ஆலிம்களிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

கத்தோலிக்கத் திருச்சபையோ கருக்கலைப்பை எக்காலத்திலும் பாவம் என்றே கொண்டது. ஆனால் அது எப்போது கொலையாகிறது என்பதிலே அதன் மகா பண்டிதர்கள் ஒத்துப்போகவில்லை. அக்குவினாஸ் முனிவர், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, ஆத்துமா சில வாரங்கள் கழித்தே உடம்பில் சேர்கிறது என்று கொண்டார். 1588இல் ஒரு பாப்பரசர் அந்த வேறுபாட்டை நீக்கி எல்லாவற்றுக்கும் கடுந்தண்டனை விதித்தார்; மூன்றே ஆண்டுகளில் அடுத்தொருவர் வேறுபாட்டை மீட்டு வைத்தார்; 1869இல் ஒன்பதாம் பத்திநாதர் மறுபடியும் நீக்கினார். நால்வரிலும் நூலளவில் கண்டிப்பானவர்கள் பௌத்தரே: விஞ்ஞானம் எனப்படும் உணர்வு கருவில் இறங்கும் கணத்திலிருந்தே மானிடம் என்று கொண்டு, கருக்கலைப்புக்குத் துணைபோகும் பிக்குவைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டும் என்று விநயபிடகம் விதிக்கிறது. ஆயினும் அது பிக்குவுக்கு விதித்த விதி. வயிற்றுப்பிள்ளைக்காரியைச் சிறையில் இடு என்று புத்தபகவான் எந்த அரசனுக்கும் உபதேசித்ததாக நான் படித்ததில்லை.

இவ்வளவு நூல்களையும் எடுத்துக் காட்டியது, சமயங்கள் கருக்கலைப்பை ஆதரிக்கின்றன என்று நிறுவுவதற்காக அன்று, அவை ஆதரிக்கவில்லை. பாவம் என்பதற்கும் சிறைக்குரிய குற்றம் என்பதற்கும் இடையே ஒரு வெளி உண்டு என்பதையும், கருவின் வயதுக்கும் தாயின் நிலைக்கும் தக்கபடி நியாயம் மாறும் என்பதையும் நான்கு சமயத்து ஆன்றோரும் அறிந்திருந்தார்கள் என்பதே என் வாதம். அறியாதவர்கள் இன்றைய பேச்சாளர்கள். டியூனிசியா 1973இலும், தாய்லாந்து 2021இலும் முதல் மூன்று மாதத்துக் கருக்கலைப்பைக் குற்றமல்ல என்றாக்கின. அயர்லாந்தில், கர்நாடகத்திலிருந்து சென்று குடியேறிய ஒரு பல்வைத்தியப் பெண் கருச்சிதைவுற்று, கேட்ட சிகிச்சை மறுக்கப்பட்டு 2012இல் இறந்த துயரத்தை மறவாத மக்கள் 2018இல் வாக்களித்து அரசியலமைப்பையே மாற்றினர். முறையே முஸ்லிம்களும் பௌத்தர்களும் கத்தோலிக்கர்களும் பெரும்பான்மையாக வாழும் நாடுகள் இவை.

இலங்கையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்த வந்த மசோதாவில், வல்லுறவாலோ முறைதகாப் புணர்ச்சியாலோ உண்டான கர்ப்பத்தையும், கடும் அங்கவீனமுற்ற சிசுவின் கர்ப்பத்தையும் கலைக்க இடமளிக்கும் ஏற்பாடொன்று இருந்தது. பாராளுமன்றத்தில் எதிர்ப்பு எழ, அரசாங்கம் அதை மாத்திரம் விலக்கிக்கொண்டு மிகுதியை நிறைவேற்றியது. அந்த மிகுதி என்னவென்று பார்த்தால் மனம் ஒருகணம் திகைக்கும். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம், பதினாறு வயதுக்குட்பட்ட சிறுமி சம்மதித்தாலும் அது சம்மதம் ஆகாது, வல்லுறவே ஆகும் என்று விதித்தது. வல்லுறவுக்குக் குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை என்று விதித்தது. இரத்த உறவினரின் கொடுமையைத் தனிக் குற்றமாக்கியது. இவ்வளவையும் ஒரே கையெழுத்தில் செய்த சபை, அக்கொடுமையால் கருவுற்ற சிறுமிக்கு அதைச் சுமக்க மறுக்கும் வழியை அதே கையெழுத்தில் அடைத்தது. சம்மதிக்கத் திராணியற்றவள் என்று சட்டம் யாரைச் சொல்கிறதோ, அவளையே பத்துமாதம் சுமக்கத் திராணியுள்ளவள் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கிழக்கு மாகாணத்தில் இளவயதுக் கர்ப்பம் நாட்டின் ஏனைய பாகங்களைவிட அதிகம் என்பதைச் சுகாதாரப் பகுதியினர் நெடுங்காலமாகவே அறிவர்; ஆகையால் இது நமக்குக் கொழும்புச் செய்தி அன்று.

2017இல் மறுபடியும் ஒரு முயற்சி நடந்தது. நீதியரசர் ஒருவரின் தலைமையில் அமைந்த குழுவின் சிபாரிசின்மேல், வல்லுறவு, கடும் அங்கவீனம் ஆகிய இரு காரணங்களுக்கு மாத்திரம் விலக்களிக்க அமைச்சரவை இணங்கியது. கத்தோலிக்க ஆயர்கள் முதலில் எதிர்த்தனர். பிற சமயத் தலைவர்களும் சேர்ந்துகொண்டனர். அரசாங்கம் ஓசையின்றிப் பின்வாங்கியது. கோயில் நிலம், பள்ளிவாசல் எல்லை, புத்தர் சிலை வைத்த இடம் என்று எதிலும் ஒருமித்துப் பேசியறியாதவர்கள், பெண்களின் வயிற்றைப் பற்றியதொன்றிலே எவ்வளவு எளிதாக ஒருமித்தார்கள் என்பதைச் சரித்திரகாரன் எழுதிவைக்க வேண்டும்.

திருகோணமலையில் இதற்கு இன்னொரு வேரும் உண்டு. அதை மேடையில் சொல்லமாட்டார்கள், திண்ணையில் சொல்வார்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஐந்தில் இரு பங்கு, தமிழர் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட, சிங்களவர் கால் பங்குக்குச் சற்று மேல். குடியேற்றத் திட்டங்களும், எல்லை மாற்றங்களும், யுத்தமும், இடம்பெயர்வும் ஒவ்வொரு குடிசனமதிப்பையும் ஒரு போர்ச்செய்தி ஆக்கிவிட்ட மண் இது. ஆகவே பிள்ளை என்பது இங்கே பிள்ளையாக மாத்திரம் இருப்பதில்லை. வாக்காகவும், காணியாகவும், இனத்தின் ஒரு தலையாகவும் எண்ணப்படுகிறது. நம்மவர் தொகை குறைகிறதே, இதிலே கருக்கலைப்பு வேறா என்று தமிழர் கேட்பர். அதே கேள்வியைச் சிங்களவரும் தம் திண்ணையில் கேட்பர். இந்தப் பீதி எவ்வளவு நச்சுத்தன்மையுடையது என்பதை, முஸ்லிம் வைத்தியர் ஒருவர் சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்று 2019இல் குருநாகலில் கிளம்பி, ஆதாரமின்றி உதிர்ந்த வதந்தியில் நாடு கண்டது. சிசுவின் உயிருக்காகப் பரிந்து பேசுபவருள் எத்தனை பேர் உண்மையில் சிசுவுக்காகப் பேசுகிறார்கள், எத்தனை பேர் தொகைக்காகப் பேசுகிறார்கள் என்று பிரித்தறிவது எனக்கு எளிதாக இல்லை.

அபிப்பிராயங்கள் இவ்வாறிருக்க, நடைமுறை வேறொரு பாதையில் செல்கிறது. மூதூர்ப் பகுதியிலும் கிண்ணியாவிலும் குடும்பநல உத்தியோகத்தராகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டி, 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை பாதை எனும் மிதவையில் ஏறியும், கொட்டியாரக்குடாவைப் படகில் கடந்தும் கர்ப்பிணிகளைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தவர், என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னது இது. இளம்பெண்களே கருக்கலைப்புக்கு வருவார்கள் என்று நான் எண்ணிக் கேட்டேன்.

“அப்பிடி இல்லைத் தம்பி. சின்னப் பெட்டையள் குறைவு. ரெண்டு மூண்டு பெத்ததுகள்தான் வரும். கடைசிப் பிள்ளை இன்னும் பால்குடி மறக்கேல்லை, மனுசனுக்குக் கடல்தொழிலும் இல்லை எண்டு அழுங்கள். கிளினிக் கொப்பியில எழுதினா நான் பிடிச்சுக் குடுத்த மாதிரி. எழுதாட்டி நான் பொய் எழுதின மாதிரி.”

“பொலிசுக்குப் போன ஆக்கள் இருக்கினமோ, மிஸ்ஸி?”

“பொலிசோ? ஆஸ்பத்திரிக்கே வராதுகள். காய்ச்சல் ஏறி, மணம் எடுத்த பிறகு தூக்கிக்கொண்டு வருவினம். கேட்டா, தானா விழுந்ததெண்டு சொல்லுவினம். நாங்களும் அதைத்தான் எழுதுவம்.”

அவர் சொன்னது ஒரு மூலையின் அனுபவமன்று. இந்நாட்டில் கருக்கலைப்பை நாடுவோரைப் பற்றிச் செய்யப்பட்ட ஆய்வுகள் யாவும் அவர்களுட் பெரும்பாலோர் விவாகமானவர்கள், பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்றே காட்டியுள்ளன. 1990களின் பிற்பகுதியில் செய்யப்பட்ட ஒரு மதிப்பீட்டின்படி, நாடு முழுவதும் நாளொன்றுக்கு நிகழும் கருக்கலைப்புகள் 600க்கும் அதிகம்; அக்காலத்தில் நாளொன்றுக்குப் பிறந்த குழந்தைகளே ஆயிரத்துக்குக் குறைவு. இந்த ஓர் எண்ணையே இரு சாராரும் இன்றுவரை ஆயுதமாக ஏந்துகின்றனர்: ஒருவர் தேசம் கெட்டதற்குச் சாட்சி என்கிறார், மற்றவர் சட்டம் தோற்றதற்குச் சாட்சி என்கிறார். நான் இரண்டாமவர் பக்கம். சட்டம் இருந்தும் இவ்வளவு என்றால், சட்டம் தடுத்தது கருக்கலைப்பை அன்று, அதற்கு வேண்டிய வெளிச்சத்தையும் சுத்தத்தையும் மாத்திரமே. பணமுள்ளவள் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியரைக் கண்டுபிடிப்பாள், அல்லது விமானமேறி இந்தியா செல்வாள். இல்லாதவள், கடையில் மறைத்து விற்கும் குளிசையையோ, பெயர்ப்பலகை இல்லாத ஒரு வீட்டையோ நாடுவாள். 1930களில் இலட்சம் பிரசவத்துக்கு ஈராயிரம் தாய்மாருக்கு மேல் இறந்த இந்நாடு, இலவச வைத்தியத்தாலும் குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்பாலும் அதை முப்பதையொட்டிய எண்ணுக்கு இறக்கியது; ஆசியாவில் பலருக்குப் பொறாமையூட்டும் அச்சாதனையின் பட்டியலில், தவிர்த்திருக்கக்கூடிய மரணங்களின் காரணங்களுள் ஒன்றாக, மறைவில் செய்த கருக்கலைப்பு இன்னும் எழுதப்பட்டு வருகிறது.

இங்கே ஒன்றை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். 1995இலும் 2017இலும் கேட்கப்பட்ட விலக்குகள் இரண்டும் கிடைத்தாலும், அந்த மூதாட்டி சொன்ன பெண்களுக்கு அவற்றால் பயன் ஒன்றும் இல்லை. அவர்கள் வல்லுறவுக்கு ஆளானவர்கள் அல்லர். அவர்கள் வயிற்றுச் சிசுவுக்கு ஊனமும் இல்லை. பொது அபிப்பிராயமும் அவர்களைக் கைவிட்டே நிற்கிறது: கொழும்பு மாவட்டத்தில் கருத்துக் கேட்ட ஓர் ஆய்வில், வல்லுறவால் வந்த கர்ப்பத்துக்கு விலக்கு வேண்டும் என்றவர் பாதிக்கு மேல், வேறு காரணங்களுக்கும் வேண்டும் என்றவர் மிகச் சிலர். அனுதாபத்துக்குப் பாத்திரமாக ஒரு பெண் முதலில் அடிபட்டிருக்க வேண்டும் என்பதே நம் சமுதாயத்தின் எழுதாத விதி போலும்.

மறுபக்கத்தின் வாதங்களில் மதிக்கத்தக்கது ஒன்று உண்டு. வாயிலைத் திறந்தால் யார் யாரோ நுழைவர் என்கிறார்கள். இந்தியாவில் நடந்ததைப் பார்த்தவர் இதைத் தள்ளிவிட முடியாது. 1971இல் தாய்க்காக இயற்றப்பட்ட சட்டத்தின் நிழலில், வயிற்றிலிருப்பது பெண் என்று ஸ்கான் காட்டியவுடன் அதை அழிக்கும் வியாபாரம் தழைத்தது. 1994இல் பால் அறிவதையே குற்றமாக்கும் வேறொரு சட்டம் வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் பிறந்த பெண் சிசுக்களைக் காக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியதாயிற்று. சட்டம் இடங்கொடுத்த பின்னும், கிராமத்துப் பெண் பலர் பாதுகாப்பற்ற கைகளிலேயே அகப்படுகின்றனர். ஆயினும் இவையெல்லாம் எனக்குச் சொல்வது, எதை எப்போது யார் முன்னிலையில் அனுமதிப்பது என்று கவனமாக எழுத வேண்டும் என்பதே. எழுதவே கூடாது என்பதன்று.

கவனம் என்றேன், அதற்கு ஓர் உதாரணம் வேண்டுமானால், மூளையும் மண்டையோடும் உருவாகாத சிசுவை எடுத்துக்கொள்வோம். வைத்திய சாஸ்திரத்தில் இதில் ஐயமே இல்லை. அது பிறந்து சில மணி நேரமோ சில நாளோ இருக்கும், அதற்கு மேல் இராது. ஐந்தாம் மாதத்துக்குள் ஸ்கானில் இது தெரிந்துவிடுகிறது. தெரிந்த அந்த நாளில், தாயின் உயிருக்கு ஆபத்து இல்லை என்பதனால் சட்டம் இடந்தராது என்று வைத்தியர் சொல்ல, அவள் வீட்டுக்குத் திரும்புகிறாள். அதன்பின் நான்கு மாதங்கள் வயிறு வளர்கிறது. பஸ்ஸில் எழுந்து இடங்கொடுக்கிறார்கள். சந்தையில் எப்போது பிள்ளை பிறக்கும் என்று கேட்கிறார்கள். கோயிலில் விபூதி பூசி, சுகப்பிரசவமாக இருக்கட்டும் என்று ஐயர் வாழ்த்துகிறார். அவள் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டு, தான் பெறப்போவது ஒரு மரணத்தை என்று அறிந்தபடியே அந்நான்கு மாதங்களையும் கழிக்கிறாள். சில தாய்மார் அப்படியும் பெற்று, அச்சிறு நேரம் மடியில் வைத்திருந்து அனுப்பவே விரும்புவர், அவர்களை வணங்குகிறேன். விரும்பாதவளை அதற்கு நிர்ப்பந்திக்கும் அதிகாரம் அரசாங்கத்துக்கு எந்தத் தர்மத்திலிருந்து வந்தது என்று கேட்டால், ஆயரும் ஆலிமும் தேரரும் குருக்களும் எனக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

என் நிலையை ஒளிக்கவில்லை. கருவை வெறும் சதைத்துண்டு என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திருவகவலைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அவ்வாறு பேச நாவெழாது. ஆனால் ஆகிவருகின்ற ஓர் உயிரையும், ஏற்கனவே மூன்று பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்து உலையில் அரிசி போட வழிதேடுகிற ஓர் உயிரையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கும் பொறுப்பை, 1883ஆம் ஆண்டின் ஒரு கட்டளைச் சட்டத்துக்கும், ஒரு பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் கொடுத்துவைத்திருக்கிறோமே, அதிலே எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் வாதாட வேண்டியது சிசு உயிரா அல்லவா என்பதைப் பற்றியன்று. அதைப் பண்டிதர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக வாதாடி முடித்தபாடில்லை. பண்டிதர்க்கே முடியாததில், பதினைந்து வயதுச் சிறுமி தவறு செய்துவிட்டாள் என்று சிறைக்கதவைக் காட்டலாமா என்பதுதான் நம் முன்னுள்ள கேள்வி; அதற்கு விடை காண வேதாந்தமும் வேண்டாம், பிக்ஹும் வேண்டாம்.

ஆகையால், குறைந்தபட்சமாக மூன்று காரியங்கள் இந்நாட்டில் நடந்தாக வேண்டும். வல்லுறவாலும் இரத்த உறவினராலும் வந்த கர்ப்பத்துக்கும், பிழைக்க மாட்டாத சிசுவின் கர்ப்பத்துக்கும் விலக்கு; தன் கருவைத் தானே கலைத்த பெண்ணைக் குற்றவாளியாக்கும், 303ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பின் நீக்கம்; கருச்சிதைவுற்று ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்ணிடம் வைத்தியத்துக்கு மிஞ்சிய கேள்வி எதுவும் கேட்கப்படாது என்ற உறுதி. இவற்றுள் இரண்டாவதை 2017இன் சீர்திருத்தக்காரர்களும் கேட்கவில்லை. எனக்கு அதுவே முதலாவது. குடும்பக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் கிடைக்காமலும், கணவன் இணங்காமலும், சாதனம் பிழைத்துப்போயும் கருவுற்ற விவாகமான பெண்களே பெருந்தொகையினர் ஆதலால், அவர்களுக்கு வேறெதையும் கொடுக்கத் துணிவில்லாத ஒரு பாராளுமன்றம் சிறைப்பயத்தையாவது எடுத்துவிடலாம்.

திருகோணமலைத் தேர்தல் மாவட்டத்திலிருந்து நான்கு உறுப்பினர்கள் பாராளுமன்றத்துக்குச் செல்கின்றனர். எந்தக் கட்சியினராயினும் எந்தச் சமயத்தவராயினும், அடுத்தமுறை அவர்களோ அவர்களின் ஆட்களோ வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும்போது, 1995இல் கைவிட்ட அந்த ஏற்பாடு மறுபடியும் சபைக்கு வந்தால் கை உயர்த்துவீர்களா, மாட்டீர்களா என்று இதை வாசிப்பவர்கள் கேட்க வேண்டுகிறேன். வீட்டுப் பெண்களையும் முன்விறாந்தைக்கு அழைத்து, அவர்கள் முன்னிலையில் கேளுங்கள்; விடையையும் அவர்கள் முன்னிலையிலேயே பெற்றுக்கொள்ளுங்கள்.